ரோபோ மீன் எந்த ஆழத்துல ஓடணும்? முதுகு தெரியவா, மேல்மட்டத்தை ஒட்டியா, நல்லா கீழயா

வாலாட்டி நீந்துற ரோபோ கட்ட இறங்குறவங்க எந்த சர்வோ மோட்டார், எந்த பேட்டரி, வாலுக்கு சிலிகானா பிளாஸ்டிக் தகடான்னு எல்லாத்தையும் அலசுவாங்க, ஆனா அது தண்ணிக்குள்ள எவ்வளவு ஆழத்துல ஓடப்போகுதுன்னு கேட்டா மட்டும் "ஜிபிஎஸ் வேணும்ல, அதனால மேலாக்க ஓட்டிக்கலாம்"னு ஒரு வரில முடிச்சிடுவாங்க. அந்த "மேலாக்க" தான் மொத்த டிசைனையும் கவுத்து விடுற இடம். ஆழத்தை முதல்ல முடிவு பண்ணு, வாலை அப்புறம் வெட்டுங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க.

பேச்சுக்கு ஒரு ரோபோவை வச்சுக்குவோம். நீளம் 50 செமீ, உடம்போட தடிமன் 10 செமீ, வேகம் நொடிக்கு அரை மீட்டர், பின்னாடி பக்கவாட்டுல ஆடுற ஒரு வால். இதுக்கு முன்னாடி இருக்கிற வழிகள்: முதுகு வெளிய தெரிய மிதந்துக்கிட்டே போறது, முழுசா முங்கி, ஆன்டெனாவை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு மேல்மட்டத்துக்கு ஒட்டினாப்ல போறது, 30 செமீக்கு கீழ இறங்கி ஓடிட்டு தேவைப்படும்போது மட்டும் மேல வர்றது, இல்லன்னா உடம்பு மேல மிதக்க, ஆடுற துடுப்பை மட்டும் கீழ தொங்க விடுறது. இதுல ரெண்டாவது தான் பார்க்க ரொம்ப புத்திசாலித்தனமா தெரியும், அதனாலேயே நிறைய பேர் அதை எடுக்கிறாங்க. எனக்கு இருக்கிறதுலயே பிடிக்காதது அதுதான்.

மேல்மட்டத்துக்குப் பக்கத்துல போற எந்தப் பொருளும் அலை கிளப்பும், அந்த அலைக்கான எனர்ஜி உன் பேட்டரில இருந்துதான் போகணும். இதை அளக்கத்தான் ஃப்ரூட் நம்பர்னு ஒண்ணு வச்சிருக்காங்க, 19ம் நூற்றாண்டுல கப்பல் மாடல்களை டேங்க்ல இழுத்து இழுத்துப் பார்த்த வில்லியம் ஃப்ரூட் பேர்ல. வேகத்தை, நீளமும் புவியீர்ப்பும் பெருக்கி வர்ற எண்ணோட ஸ்கொயர் ரூட்டால வகுத்தா அதுதான். நம்ம 50 செமீ ரோபோக்கு அந்த ரூட் சுமார் 2.2 வரும், அப்போ அரை மீட்டர் வேகத்துல ஃப்ரூட் நம்பர் 0.23 தான், பெரிய ஆபத்து இல்ல. ஆனா வேகம் 0.9 மீட்டருக்குப் போனா 0.4 ஆயிடும், அந்த வேகத்துல அது கிளப்புற அலையோட நீளமும் கிட்டத்தட்ட 50 செமீ, அதாவது ரோபோ நீளமே. தான் கிளப்பின அலைக்குள்ளேயே தான் மாட்டிக்கிட்டு, முன்னாடி ஒரு மேடு, வால்கிட்ட ஒரு மேடுன்னு அதைத் தள்ளிக்கிட்டே போகணும். ஃப்ரூட் நம்பர் 0.5ஐ ஒட்டி அலை இழுவை உச்சத்துக்குப் போகும். சின்ன ரோபோவை வேகமா ஓட்டணும்னு ஆசைப்படுறவங்க எல்லாம் நேரா போய் விழுற குழி இதுதான். 2019ல வந்த டூனாபாட்ங்கிற ரோபோ மீனை எடுத்துக்கோங்க, நீளம் 25.5 செமீ, நொடிக்கு 15 தடவை வரைக்கும் வாலடிச்சு 1 மீட்டர் வேகம் தொட்டது. அது ஓடினது தண்ணிக்கு உள்ள. அதையே அதே வேகத்துல மேல்மட்டத்துல ஓட்டினா ஃப்ரூட் நம்பர் 0.63, அந்த உச்சத்தோட தோள்ல போய் உக்காந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் சொல்லிடறேன். நொடிக்கு 23 செமீக்கு கீழ சீரா நகர்ற பொருள் பின்னாடி நிரந்தரமான அலையையே இழுத்துட்டுப் போகாது, ஏன்னா தண்ணில எந்த அலையுமே அதை விட மெதுவா ஓடாது. புவியீர்ப்பும் பரப்பு இழுவிசையும் சேர்ந்து வைக்கிற எல்லை அது. அதனால உன் ரோபோ சும்மா ஒரு குளத்துல ஆடி அசைஞ்சு தண்ணியோட வெப்பத்தை அளந்துட்டு வரணும்னா, இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், முதுகு தெரிய மிதக்க விட்டுடு, ரேடியோ, ஜிபிஎஸ், சோலார் எல்லாம் ஓசில கிடைக்கும்.

சரி, வேகம் வேணும்னா எவ்வளவு முங்கணும்? ஜெர்மன் விமான இன்ஜினியர் ஹைன்ரிச் ஹெர்ட்டல் 1960கள்ல எழுதினதுல இருந்து எல்லாரும் எடுத்து ஆள்ற கணக்கு ஒண்ணு இருக்கு: மீன் வடிவ உடம்பு மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாம போகும்போது இழுவை ஆழத்துல இருக்கிறதை விட 5 மடங்கு வரைக்கும் ஏறலாம், உடம்போட தடிமனைப் போல 3 மடங்கு ஆழம் போயிட்டா அந்த எக்ஸ்ட்ரா கிட்டத்தட்ட காணாமப் போயிடும். நம்ம ரோபோக்கு 30 செமீ. ஆனா இதை அப்படியே வேதவாக்கா எடுத்துக்கக் கூடாது, வேகத்தையும் சேர்த்துப் பார்க்கணும். உருளைக்கு எழுதின பழைய அலை தியரியை வச்சு ஒரு ரஃப் கணக்கு போட்டா, நடு அச்சு 10 செமீ ஆழத்துல இருந்து வேகம் அரை மீட்டரா இருந்தா, அலை இழுவைல மிச்சம் நிக்கிறது ஆயிரத்துல ஒண்ணுக்கும் கீழ வந்துடுது. அதே 10 செமீல 1 மீட்டர் வேகம்னா 14 சதவீதம் மிச்சம் நிக்குது. 30 செமீக்கு இறங்கினா 1 மீட்டர் வேகத்துலயும் 0.3 சதவீதம் தான். 2 மீட்டர் வேகத்துல 30 செமீ கூடப் பத்தாது, 23 சதவீதம் இருக்கும். அதாவது வேகம் ரெண்டு மடங்கானா ஆழம் நாலு மடங்காகணும். மெதுவா போற ரோபோ கொஞ்சம் மேலயே இருந்துக்கலாம், உடம்பு கிளப்புற அலையை மட்டும் பார்த்தா.

"உடம்பு மட்டும்"னு அழுத்திச் சொல்றேன், ஏன்னா வால்னு ஒண்ணு தனியா ஆடிக்கிட்டு இருக்கு, அது வேற கதை. கப்பல்காரங்க கணக்குல வால் கிடையாது, அதனால அங்க இருந்து எண்களைத் தூக்கிட்டு வர்றவங்க இந்த இடத்துல தான் கோட்டை விடுறாங்க.

வால் நொடிக்கு ஒன்றரை தடவை ஆடுதுன்னு வைங்க. அந்த ஆட்டம் நின்ன இடத்துல கிளப்புற அலையோட நீளம் சுமார் 70 செமீ. உடம்பு அரை மீட்டர் வேகத்துல கிளப்புறது வெறும் 16 செமீ. நீள அலை ஆழமா எட்டும், அதனால உடம்புக்குப் போதும்னு நினைச்ச ஆழம் வாலுக்குப் போதாது. இன்னொரு கூத்து, ரோபோ கிளம்பும்போது, வேகம் சுமார் 0.26 மீட்டரைத் தொடுற வரைக்கும், வால் கிளப்புற அலைல ஒரு பகுதி ரோபோக்கு முன்னாடியே ஓடும். அதைத் தாண்டினதும் எல்லாம் பின்னாடி மட்டும் தான். சின்ன டேங்க்ல டெஸ்ட் பண்றவங்க கவனிக்க வேண்டியது இது, முன்னாடி ஓடின அலை சுவத்துல மோதித் திரும்பி வந்து ரோபோவையே ஆட்டும், அந்த ரீடிங்கை வச்சுக்கிட்டு வாலைக் குறை சொல்லிட்டு இருப்பீங்க.

அடுத்தது, தரைக்குப் பக்கத்துல வாலாட்டினா த்ரஸ்ட், அதாவது முன்னாடி தள்ளுற விசை, கூடும்னு படிச்சிருப்பீங்க, அது உண்மைதான், 2014ல க்வின், லாடர், ஸ்மிட்ஸ் மாதிரி ஆளுங்க சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க. தரை எதிர்த்து நிக்கும், தண்ணிக்கு ஓடிப்போக இடம் இல்ல, அதனால தள்ளுறது நல்லா விழும். மேல்மட்டமும் ஒரு எல்லைதானே, அதுவும் அப்படித்தானேன்னு ஒரு நினைப்பு வரும். இல்ல. வால் ரொம்ப மெதுவா ஆடினா மேல்மட்டம் மூடி போட்ட மாதிரி நடந்துக்கும், கொஞ்சம் உதவி கூடக் கிடைக்கும். ரொம்ப வேகமா ஆடினா தண்ணி மேல எழும்பி விட்டுக்கொடுத்துடும், வால் பிடிக்கிற தண்ணியோட எடை குறையும், த்ரஸ்டும் குறையும். எது மெதுவு எது வேகம்னு சொல்ல ஒரு எண் இருக்கு, வாலடிக்கிற வேகத்தோட (ரேடியன் கணக்குல) வர்க்கத்தை வால் அளவால பெருக்கி புவியீர்ப்பால வகுத்தா வர்றது; அது 1ஐ விட ரொம்பச் சின்னதா ரொம்பப் பெருசான்னு பார்க்கணும், 10 செமீ வால் நொடிக்கு ஒன்றரை தடவை ஆடினா அது 0.9, ரெண்டு தடவைன்னா 1.6. ரெண்டுங்கெட்டான். அலை கிளப்புறதுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி ஒரு இடம்.

இதெல்லாம் போக காத்து. வால் மேல்முனை மேல்மட்டத்துக்குப் பக்கத்துல வந்தா முதல்ல ஒரு சின்னக் குழி விழும், வால் வேகமா திரும்புற பக்கத்துல. அடுத்த அடில அந்தக் குழி ஒரு புனல் மாதிரி நீண்டு வாலோட உறிஞ்சுற பக்கத்துல கீழ இறங்கும், பளபளன்னு ஒரு காத்துத் தோல் வால் மேல ஒட்டிக்கும். அப்போ "சளப்"னு ஒரு சத்தம், மோட்டார் கரண்ட் பொட்டுனு இறங்கும், ஏன்னா வால் இப்போ பாதி காத்தைத்தான் தள்ளிக்கிட்டு இருக்கு, காத்து தண்ணியை விட 800 மடங்கு லேசு. கரண்ட் கம்மியாச்சே நல்லதுதானேன்னு சந்தோஷப்படுறவங்க இருக்காங்க. அது வேலை நடக்கலைன்னு அர்த்தம். லாக் ஃபைல்ல கரண்ட் ஒரு அடி விட்டு ஒரு அடி பல்லு பல்லா விழுந்தா காத்து குடிக்குதுன்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம்.

வாலோட உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்னா, ஒல்லி உடம்பு மீன்களுக்கு ஜேம்ஸ் லைட்ஹில் 1960ல போட்ட தியரிப்படி, வால் பிடிச்சுத் தள்ளுற தண்ணியோட எடை வால் உயரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகுது. உயரத்துல 20 சதவீதம் வெளிய வந்துட்டா மிச்சம் 64 சதவீதம், அதாவது மூணுல ஒரு பங்குக்கும் மேல போச்சு. வெறும் நுனிதானே வெளிய தெரியுதுன்னு சொல்ற பேச்சுக்கு விலை அவ்வளவு.

இப்போ இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா தான் "ஒட்டினாப்ல போறது" ஏன் எனக்கு ஆகாதுன்னு புரியும். மீனோ ரோபோவோ நல்லா நீந்துறதுக்கு ஸ்ட்ரூஹல் நம்பர் 0.2க்கும் 0.4க்கும் நடுவுல இருக்கணும், 1993ல ட்ரையன்டாஃபிலோ குழு கிட்டத்தட்ட இதை எடுத்துச் சொன்னாங்க, நீந்துற பிராணி பறக்குற பிராணி ரெண்டுக்கும் அது பொருந்துதுன்னு 2003ல டெய்லர் குழு காட்டினாங்க. வாலடிக்கிற எண்ணிக்கையை வால் ஆடுற அகலத்தால பெருக்கி வேகத்தால வகுக்கிறதுதான் அது. நம்ம ரோபோக்கு வால் ஆடுற அகலம் உடம்பு நீளத்துல அஞ்சுல ஒண்ணு, 10 செமீ, நிறைய மீன்களுக்கும் அப்படித்தான். ஒன்றரை தடவை அடிச்சு அரை மீட்டர் வேகம்னா 0.3, பிரமாதம். இப்போ மேல்மட்டத்துக்கு வந்து அலை, காத்து எல்லாம் சேர்ந்து இழுவை ரெண்டு மடங்காச்சுன்னு வைங்க. த்ரஸ்ட் அதுக்கு ஈடு கொடுக்கணும், அது இந்த நம்பரோட வர்க்கத்தோட ஏறும், அதனால 0.3 இருந்தது 0.42க்குப் போயிடும். அதே வேகம் வேணும்னா நொடிக்கு 2.1 தடவை அடிக்கணும். எல்லைக்கு வெளிய வந்தாச்சு, எஃபிஷியன்சி விழும், தேவையான பவர் ஏற்கனவே ரெண்டு மடங்கு, அதுக்கு மேல இந்த நஷ்டம் வேற. ஆழத்துல அளவெடுத்துச் செஞ்ச வால் மேல வந்தா அளவு தப்பின வாலா ஆயிடுது, வாலுல எந்தக் குறையும் இல்லாமலேயே.

மேலதான் ஓட்டியாகணும்னு பிடிவாதமா இருந்தா வேகமா அடிக்காதீங்க, வாலோட பரப்பைக் கூட்டுங்க. த்ரஸ்ட் ரெண்டு மடங்கு வேணுமா, பரப்பை ரெண்டு மடங்காக்கினா ஸ்ட்ரூஹல் நம்பர் அப்படியே நிக்கும். அந்தக் கூடுதல் பரப்பையும் கீழ்ப்பக்கமா இழுத்து விடுங்க. பறக்கும் மீன் பண்றது அதுதான், தண்ணியை விட்டு எழும்பும்போது உடம்பு முழுக்க காத்துல இருக்க, வாலோட நீளமான கீழ்மடல் மட்டும் தண்ணிக்குள்ள நொடிக்கு 50, 70 தடவைன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். ஆனா கீழ்மடல் மட்டும் பெருசானா தள்ளுற இடமும் கீழ போயிடும், ஒவ்வொரு அடிக்கும் உடம்பு உருளப் பார்க்கும். எடையை நல்லா கீழ வச்சு சரிக்கட்டணும்.

ஒட்டினாப்ல ஓட்டுறதுல இன்னொரு தலைவலி, ஆழத்தை ஒரே அளவுல பிடிச்சு வைக்கிறது. உடம்புக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவுல தண்ணி வேகமா ஓடி அழுத்தம் குறையும், ரோபோவை மேல உறிஞ்சும், மூக்கைத் தூக்கவோ அமுக்கவோ செய்யும், வேகம் மாறினா அந்த விசையும் மாறும். பெரிஸ்கோப் ஆழத்துல ஓடுற சப்மரைன்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவங்களுக்கு பெரிய டேங்க், கன்ட்ரோல் எல்லாம் இருக்கு. நம்மகிட்ட இருக்கிறது ஒரு பிரஷர் சென்சாரும் ரெண்டு குட்டித் துடுப்பும்.

அப்போ கீழ இறங்கு, 30 செமீ, முடிஞ்சா இன்னும் கொஞ்சம். எம்ஐடியோட சோஃபி, 2018ல ஃபிஜி பவளப்பாறைகள்ல 18 மீட்டர் ஆழம் வரைக்கும் ஓடிக்காட்டின மென்மையான ரோபோ மீன், மேல்மட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாம டிசைன் பண்ணது, கன்ட்ரோல் எல்லாம் ஒலி அலை வழியா. ஒலி மோடத்துக்கு வசதி இல்லாதவங்க என்ன பண்றது? ரேடியோ உப்புத்தண்ணில சில செமீ தாண்டுறதுக்குள்ள செத்துடும், ஆக ரோபோவோ ஆன்டெனாவோ மேல வந்துதான் ஆகணும். ஆனா எப்பவுமே மேல இருக்க வேண்டியதில்ல. கீழ திசைகாட்டியை வச்சு ஓட்டு, நேரம் பார்த்து மேல வா, மோட்டாரை நிறுத்திட்டு மிதந்துக்கிட்டே ஜிபிஎஸ் பிடி, திரும்ப இறங்கு. மேல இருக்கிற நேரத்துல நீந்தாம இருக்கிறதுதான் இதுல சூட்சுமம். டால்ஃபின் தாவித் தாவிப் போறதைக் காப்பியடிக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: வேகம் ஒரு அளவுக்கு மேல போனா தாவுறது எனர்ஜி மிச்சம்னு 1980ல ஆவ், வைஸ் ரெண்டு பேரும் கணக்கு காட்டினது சரிதான், ஆனா 1 மீட்டர் வேகத்துல தண்ணியை விட்டுக் கிளம்பினா எழும்புற உயரம் 5 செமீ. அது தாவல் இல்ல, விக்கல்.

மேலயும் கீழயும் அடிக்கடி போகணும்னா வாலைப் பக்கவாட்டுல வைக்கலாமா, டால்ஃபின் மாதிரி மேல் கீழா ஆட விடலாமான்னு ஒரு கிளைக் கேள்வி வரும். மேல் கீழ் வால் மூக்கைத் தூக்கவும் இறக்கவும் கை கொடுக்கும், அதே சமயம் மேல்மட்டத்துக்கிட்ட ஒவ்வொரு மேலடியும் நேரா தண்ணியை வெளிய அள்ளி வீசும், மேலடிக்கும் கீழடிக்கும் த்ரஸ்ட் ஒண்ணா இருக்காது, உடம்பு தலையாட்டும். கேமரா வச்சிருந்தா படம் பூரா ஆட்டம். பக்கவாட்டு வாலுக்கு நான் சொன்ன நுனிப் பிரச்சனை இருக்கு, ஆனா அதை ஆழத்தாலயும் கீழ்மடலாலயும் சமாளிக்கலாம். முக்கால்வாசி நேரம் 30 செமீக்கு கீழ ஓடும்னா எதை வச்சாலும் ஓகே, மேலயே சுத்தும்னா பக்கவாட்டு வால்.

இதுவரை சொன்னது எல்லாம் அசையாத தண்ணிக்கு. திறந்த வெளித் தண்ணில காத்து அடிச்சா கணக்கே வேற. 2 மீட்டர் நீளம், 20 செமீ உயரம்னு ஒரு சாதாரண சின்ன அலை, அதுல மேல்மட்டத்துத் தண்ணி வட்டம் சுத்துற வேகம் நொடிக்கு 0.56 மீட்டர். நம்ம ரோபோவோட மொத்த வேகமே 0.5. மிதக்கிற ரோபோ என்ன வாலாட்டினாலும் பாதி நேரம் உருண்டுட்டு தான் கிடக்கும். 30 செமீ இறங்கினா அது 0.22 ஆகும், இன்னும் தொல்லைதான். அலை நீளத்துல பாதி ஆழம், 1 மீட்டர் இறங்கினா 4 சதவீதம், அப்போதான் நிம்மதி. அதனால ஹெர்ட்டலோட 3 மடங்கு ஆழம்ங்கிறது ரோபோ கிளப்புற அலைக்கு, காத்து கிளப்புற அலைக்கு அது பதில் இல்ல.

ஆனா அலையை எதிரியா பார்க்காம அதுலயே சவாரி பண்ற வழி ஒண்ணு இருக்கு, கடைசி ஆப்ஷன். வேவ் கிளைடர்னு ஒண்ணு, மேல ஒரு மிதவை, சில மீட்டர் கீழ கேபிள்ல தொங்குற துடுப்பு வரிசை. மிதவை அலையோட ஏறி இறங்கும், கீழ தண்ணி அமைதியா இருக்கும், அந்த வித்தியாசத்துல துடுப்புகள் தானா மடங்கி மடங்கி முன்னாடி தள்ளும். நீந்துறதுக்கு மோட்டாரே கிடையாது, ஒண்ணு பசிபிக்கைத் தாண்டி 2012 கடைசில ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. 2008ல கெனிச்சி ஹோரியே ஹவாயில இருந்து ஜப்பானுக்கு தனியா ஓட்டிட்டுப் போன சன்டோரி மெர்மெய்ட் 2 படகும் முன்பக்கத் துடுப்பு அலையில ஆடுறதை வச்சே போனது. அமைதியான தண்ணில மனுஷன் காலால மிதிக்கிற ஹோபி மிராஜ் டிரைவ் கயாக்கும் ஒரு விதத்துல இதே குடும்பம், உடம்பு மேல, ஆடுற துடுப்பு ரெண்டும் அடியில. இதுல உடம்போட அலை இழுவை போகாது, ஆனா துடுப்பு காத்து குடிக்கிற பிரச்சனை சுத்தமா தீர்ந்துடும், ஆன்டெனாவும் எப்பவும் வெளிய. வேகம் மட்டும் கேக்கக் கூடாது. பார்க்க மீன் மாதிரியும் இருக்காது, அதுதான் பல பேருக்கு வருத்தம்.

ப்ரொப்பெல்லரே போட்டுடலாமேன்னா, தாராளமா போடலாம், மேல்மட்டத்துல மட்டுமே ஓடப்போற சின்ன வண்டிக்கு அதுதான் லேசு. பாசி, குப்பை சுத்திக்கிற இடம், சத்தம் ஆகாத இடம், மீன்களை மிரட்டக் கூடாத இடம்னா மட்டும் வால்.

முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. வாலை ஆட்டாம, உடம்பை மட்டும் ஒரு குச்சில மாட்டி ஸ்பிரிங் தராசு வச்சு ஒரே வேகத்துல இழுங்க, மேல்மட்டத்துல, 10 செமீல, 20ல, 30ல. அப்புறம் ரோபோவை நகர விடாமக் கட்டி வச்சு வாலை மட்டும் ஆட்டி அதே ஆழங்கள்ல த்ரஸ்ட் அளங்க. முதல் அளவு எந்த ஆழத்துல சமநிலைக்கு வருதோ ரெண்டாவதும் அங்கயே வரணும்னு அவசியம் இல்ல, பெரும்பாலும் ரெண்டாவது இன்னும் கீழ தான் வரும். ஓட்டுற ஆழம் அந்த ரெண்டாவது. அந்த ஆழத்துல ஜிபிஎஸ் கிடைக்காதுன்னா ஆன்டெனாவுக்கு ஒரு குட்டி மிதவையும் மெல்லிசா ஒரு ஒயரும் போதும், அதுக்காக ரோபோவை மேல தூக்க வேண்டாம்.